இந்த பைண்டர் காலை யார் கூப்பிட்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்ட்ராய்டில் ஒரு ப்ராசஸ் இன்னொரு ப்ராசஸோடு பேசினால் அடியில் ஓடுவது பைண்டர். ஏஐடிஎல் (வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய மெத்தடுகளை அறிவிக்கும் மொழி) எழுதினாலும் சரி, மெசஞ்சர் (மெசேஜ்களாக அனுப்பும் க்ளாஸ்) வைத்தாலும் சரி, கன்டென்ட் ப்ரொவைடரை (டேட்டாவைக் கொடுக்கும் பகுதி) தட்டினாலும் சரி, கடைசியில் போய் நிற்பது அங்கேதான். எங்கள் டீமில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நாள் என் மேசைக்கு வந்து கேட்பது, சர்வீஸில் இந்த மெத்தடை இப்போது கூப்பிட்டது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்துகொண்டது ஏன் தப்பாக இருக்கிறது என்பதைத்தான். கூப்பிட்டவரைப் பற்றிய அந்த விவரத்தைத்தான் காலிங் கான்டெக்ஸ்ட் என்று சொல்வேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மெத்தட் பெயர்களை வாயில் சொல்கிறபடி எழுதி நடுவில் கோடு போட்டிருக்கிறேன். கோட்டை எடுத்துவிட்டுச் சேர்த்துப் படித்தால் உங்கள் எடிட்டரில் இருக்கும் பெயர் வந்துவிடும்.

காலிங் கான்டெக்ஸ்ட்னு சொல்றீங்களே, அது ஆக்டிவிட்டியில எல்லாம் பாஸ் பண்ற அந்த கான்டெக்ஸ்ட்தானா?

பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. ஆக்டிவிட்டி, சர்வீஸ் எல்லாம் எதிலிருந்து பிறக்கிறதோ அந்த கான்டெக்ஸ்ட் ஒரு ஆப்ஜெக்ட். நாம் இங்கே பேசுவது, ஒரு பைண்டர் கால் (அழைப்பு) உள்ளே வந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில மில்லிசெகண்டுகளுக்கு மட்டும் உயிரோடிருக்கும் இரண்டு எண்களைப் பற்றி. ஒன்று கூப்பிட்டவரின் யூஐடி, அதாவது ஆப்பின் எண். இன்னொன்று பிஐடி, அதாவது ப்ராசஸின் எண். பைண்டர் க்ளாஸில் உள்ள கெட்-காலிங்-யூஐடி, கெட்-காலிங்-பிஐடி என்ற இரண்டு ஸ்டாட்டிக் மெத்தடுகளால் அவற்றைக் கேட்கலாம்.

ஸ்டாட்டிக் என்பதைக் கவனியுங்கள். ஆர்க்யுமென்ட் எதுவும் கொடுக்கவில்லை, எந்தக் காலைப் பற்றிக் கேட்கிறோம் என்றும் சொல்லவில்லை, ஆனாலும் பதில் வருகிறது. எப்படி? அந்த எண்கள் இப்போது ஓடும் த்ரெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேட்டிவ் பக்கம் ஐபிசி-த்ரெட்-ஸ்டேட் என்று த்ரெட்டுக்கு ஒன்றாக ஒரு ஆப்ஜெக்ட் இருக்கிறது, கால் உள்ளே வரும்போது அதில் எழுதி வைக்கிறார்கள், கால் முடிந்ததும் பழைய மதிப்பைத் திரும்ப வைக்கிறார்கள். கீழே வரப்போகிற குழப்பங்களில் முக்கால்வாசிக்குக் காரணம் இந்த ஒரு சங்கதிதான்.

அந்த யூஐடியை கிளையன்ட் அனுப்புதா? அப்படின்னா பொய் சொல்லி அனுப்பலாமே?

கிளையன்ட், அதாவது கூப்பிடும் ஆப், அனுப்புவதில்லை. லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் பைண்டர் டிரைவர் எழுதுகிறது. அனுப்புகிற ப்ராசஸ் எது என்பது கெர்னலுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால், ட்ரான்சாக்ஷனை, அதாவது அந்த ஒரு காலை, உங்கள் ப்ராசஸிடம் ஒப்படைக்கும்போது அனுப்பியவரின் எஃபெக்டிவ் யூஐடியையும் பிஐடியையும் அதுவே நிரப்புகிறது. கிளையன்ட் பார்சலுக்குள் (காலோடு அனுப்பும் டேட்டா மூட்டை) என்ன எழுதினாலும் இந்த இரண்டு எண்களைத் தொட முடியாது.

பார்சலுக்குள் இருப்பது முழுக்க கிளையன்ட்டின் பேச்சு. "என் பேக்கேஜ் பெயர் இது" என்று ஒரு ஸ்ட்ரிங் வந்தால் அதற்கு மதிப்பு, கதவைத் தட்டி "நான்தான் கரண்ட் ஆபீஸ்" என்று ஒருவர் சொல்வதற்கு உள்ள மதிப்புதான்.

யூஐடி 10123னு வருது. ஆபீஸ் ப்ரொஃபைல் வெச்சிருக்கிற போன்ல 1010123னு வருது. என்ன கணக்கு?

ஒவ்வொரு யூஸருக்கும் ஒரு லட்சம் எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். யூஸர் எண்ணை 100000-ஆல் பெருக்கி ஆப்பின் எண்ணைக் கூட்டினால் யூஐடி. முதல் யூஸரின் எண் 0, அதனால் 10123 அப்படியே வரும். வேலைக்கான ப்ரொஃபைலுக்குப் பெரும்பாலும் 10 என்ற எண் கிடைக்கும், அப்போது அதே ஆப் 1010123 ஆகிவிடும். 100000-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் ஆப் எண் கிடைக்கும்.

சாதாரண ஆப்கள் 10000-இல் தொடங்குகின்றன. 0 ரூட், 1000 சிஸ்டம், 2000 ஏடிபி ஷெல். 99000 முதல் 99999 வரை வந்தால் அது ஐசொலேட்டட் ப்ராசஸ், அதாவது எந்த ஆப்பின் எண்ணும் இல்லாமல் தனியாக அடைத்து வைக்கப்பட்ட ப்ராசஸ். யூஐடியை நேரடியாக ஒப்பிட்டு நம்ம ஆளா என்று பார்க்கும் கோட் இருந்தால், இரண்டாவது யூஸர் வந்த அன்றைக்கு அது உடையும்.

நான் எப்போ கேட்டாலும் என் ஆப்போட சொந்த யூஐடியே வருது சார். பைண்டர் பக்ஸா?

இல்லை. நீங்கள் கால் ஓடாத இடத்தில் நின்று கேட்கிறீர்கள். த்ரெட்டில் உள்வரும் ட்ரான்சாக்ஷன் எதுவும் இல்லாவிட்டால் சொந்த யூஐடியையே தருவது அந்த மெத்தடின் வழக்கம். எக்செப்ஷன் கிடையாது, -1 கிடையாது, நம்பும்படியான ஒரு எண்ணை முகத்தில் சலனமே இல்லாமல் கொடுத்துவிடும். ஏபிஐ வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத முடிவு இது. ஆண்ட்ராய்டு 10-இல் கெட்-காலிங்-யூஐடி-ஆர்-த்ரோ என்று ஒன்று சேர்த்தார்கள், கால் இல்லாத இடத்தில் கேட்டால் அது இல்லீகல்-ஸ்டேட்-எக்செப்ஷன் வீசும். குறைந்தபட்ச வெர்ஷன் இடம் கொடுத்தால் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

அதிகம் பேர் மாட்டும் இடம் சர்வீஸின் ஆன்-பைண்ட். பெயரைப் பார்த்தால் யாரோ பைண்ட் செய்கிறார்கள், அவர் யார் என்று கேட்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பைண்ட் செய்யச் சொல்லி உங்கள் ப்ராசஸுக்குச் சேதி சொல்வது சிஸ்டம் சர்வர், அந்தச் சேதியும் மெயின் த்ரெட்டின் க்யூவில் போடப்பட்டு அப்புறம்தான் ஓடுகிறது. அந்த நேரத்தில் எந்த ட்ரான்சாக்ஷனும் கையில் இல்லை.

இரண்டாவது காரணம், கிளையன்ட்டும் சர்வீஸும் ஒரே ப்ராசஸில் இருப்பது. அப்போது ஸ்டப்பின் (ஏஐடிஎல்லிலிருந்து உருவாகும் சர்வீஸ் பக்க க்ளாஸ்) அஸ்-இன்டர்ஃபேஸ், கெர்னல் வழியே காலை அனுப்பும் ப்ராக்ஸியைத் தராமல் உங்கள் ஆப்ஜெக்டையே எடுத்துக் கொடுத்துவிடும். அது வெறும் ஜாவா மெத்தட் கால், கெர்னல் பக்கமே போகவில்லை, அதனால் புதிதாக யாரும் எதையும் எழுதவில்லை.

சரி, மேனிஃபெஸ்ட்ல ரிமோட்னு தனி ப்ராசஸ் குடுத்துட்டேன். இப்பவும் அதே யூஐடி!

வரத்தான் செய்யும். ப்ராசஸ் வேறு, ஆப் ஒன்று. யூஐடி ஆப்புக்கு, பிஐடி ப்ராசஸுக்கு. பிஐடியைப் பாருங்கள், மாறியிருக்கும்.

ஆன்பைண்ட்ல யாருன்னு தெரியாதுன்னா, மேனிஃபெஸ்ட்ல பெர்மிஷன் போட்டுட்டேன். ஒவ்வொரு மெத்தட்லயும் வேற செக் பண்ணணுமா?

சர்வீஸ் டேக்கில் சிக்னேச்சர் அளவிலான பெர்மிஷன் (ஒரே சாவியால் கையெழுத்திட்ட ஆப்களுக்குக் கிடைப்பது) போடுவது நல்லது, போடுங்கள். பைண்ட் செய்யும் நேரத்தில் சிஸ்டம் அதைப் பார்த்து, தகுதி இல்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடும். நிறைய ஆப்களுக்கு இதுவே போதும்.

ஆனால் அது பார்ப்பது பைண்ட் செய்யும் ஒரு தருணத்தை மட்டும். சர்வீஸைக் கூப்பிட உதவும் ஐபைண்டர் ஆப்ஜெக்ட் கிளையன்ட் கைக்குப் போய்விட்டால் அவர் அதை இன்னொரு பார்சலில் வைத்து வேறு ஆப்புக்குக் கொடுக்கலாம், பைண்டர் அதற்காகவே செய்யப்பட்டது. அந்த மூன்றாம் ஆள் கூப்பிடும்போது மேனிஃபெஸ்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாவி கொடுத்தவருக்கும் சாவியோடு வந்து நிற்பவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மெத்தடுக்குள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று. ஒரே மாதிரியான இன்டென்ட்டோடு பத்து கிளையன்ட் வந்தாலும் ஆன்-பைண்ட் ஒரே ஒரு முறைதான் ஓடும், முதலில் கொடுத்த ஐபைண்டரையே சிஸ்டம் மற்றவர்களுக்கும் கொடுத்துவிடும். இன்டென்ட்டின் எக்ஸ்ட்ராக்கள் இந்த ஒப்பீட்டில் கணக்கில் வராது. எக்ஸ்ட்ராவில் கிளையன்ட்டின் பெயரை வாங்கி ஆளுக்கு ஒரு ஸ்டப் செய்து கொடுக்கலாம் என்று திட்டம் போட்டவர்கள் இரண்டாவது கிளையன்ட் வந்ததும் தலையைச் சொறிவது இதனால்தான்.

மெத்தடுக்குள்ளதான் கேக்கிறேன். ஆனா வேலையை கோரூட்டீனுக்கு மாத்தினதும் தப்பாகுது.

முதல் பதிலில் சொன்ன கதைதான், எண்கள் த்ரெட்டோடு ஒட்டியிருக்கின்றன. ஹேண்ட்லருக்குப் போஸ்ட் செய்தாலும், எக்ஸிக்யூட்டரிடம் கொடுத்தாலும், வித்-கான்டெக்ஸ்ட் போட்டு வேறு டிஸ்பேச்சருக்குத் தாவினாலும் நீங்கள் நிற்பது வேறு த்ரெட். அங்கே கேட்டால் சொந்த யூஐடி வரும்.

ஒரு தடவை நானே இதில் விழுந்தேன். சர்வீஸுக்கு வரும் கால்களை யார் யார் கூப்பிட்டார்கள் என்று எழுதி வைக்க ஒரு லாக் செய்தேன், வேகம் குறையக் கூடாது என்று எழுதும் வேலையைத் தனி த்ரெட்டில் ஓட்டினேன், யூஐடியையும் அங்கேயே கேட்டேன். மூன்று வாரம் கழித்து லாக்கைத் திறந்தால் எல்லாக் கால்களையும் எங்கள் ஆப்பே தனக்குத்தானே செய்துகொண்டதாக இருக்கிறது. இது செக்யூரிட்டிச் சோதனையாக இருந்திருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சொந்த யூஐடிக்குத்தான் எப்போதும் அனுமதி உண்டே!

செய்ய வேண்டியது எளிது. ஸ்டப் மெத்தடின் முதல் வரியிலேயே யூஐடியை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுங்கள், அதன்பின் எங்கே போனாலும் அந்த எண்ணைக் கையோடு கொண்டு போங்கள். உள்ளே இருக்கும் க்ளாஸ்களுக்கு அதை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுங்கள், அவை பைண்டரை நேரடியாகக் கேட்கவே கூடாது. பெர்மிஷன் பார்க்க வேண்டுமானால் செக்-பெர்மிஷன் பிஐடியையும் யூஐடியையும் வெளிப்படையாக வாங்கிக்கொள்ளும், எந்த த்ரெட்டிலிருந்தும் கூப்பிடலாம்.

நான் ஏஐடிஎல்லே எழுதல, மெசஞ்சர்தான். ஹேண்டில்மெசேஜ்ல யாருன்னு எப்படித் தெரியும்?

அங்கே கெட்-காலிங்-யூஐடி உதவாது, முந்தைய பதிலின்படி நீங்கள் ஏற்கனவே ஹேண்ட்லர் த்ரெட்டுக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் மெசஞ்சரை எழுதியவர்கள் நாம் மேலே சொன்னதையே செய்து வைத்திருக்கிறார்கள். கால் வந்த த்ரெட்டில் யூஐடியைப் பிடித்து மெசேஜிலேயே சென்டிங்-யூஐடி என்ற ஃபீல்டில் போட்டு அனுப்புகிறார்கள். ஆண்ட்ராய்டு 5-லிருந்து இருக்கிறது. மெசஞ்சர் வழியாக வராத மெசேஜில் அது -1. ரிப்ளை-டூ ஃபீல்டை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள், அதை நிரப்புவது கிளையன்ட்.

யூஐடி சரியா வருது, பிஐடி மட்டும் 0. ஏன்?

அந்தக் கால் ஒன்வே. பதிலுக்குக் காத்திருக்காத கால் என்றால் டிரைவர் அனுப்பியவரின் த்ரெட்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, பதில் அனுப்பவே போவதில்லையே. அதனால் பிஐடி இடத்தில் 0 வருகிறது. யூஐடி ட்ரான்சாக்ஷனிலேயே எழுதப்பட்டிருப்பதால் அது தப்பிக்கிறது.

இதில் உள்ள குசும்பு என்னவென்றால், ஒன்வேயா இல்லையா என்று தீர்மானிப்பது கிளையன்ட். உங்கள் ஏஐடிஎல் ஃபைலில் ஒன்வே என்ற சொல்லே இல்லாவிட்டாலும், வேண்டுமென்றே தொல்லை கொடுக்க நினைக்கும் ஒரு கிளையன்ட் ட்ரான்சாக்டை நேரடியாகக் கூப்பிட்டு ஒன்வே ஃப்ளாக்கைப் போட்டு அனுப்பலாம், உங்கள் மெத்தட் ஓடும், பிஐடி 0 ஆக இருக்கும். சாதாரணக் காலிலேயே அனுப்பிய ப்ராசஸ் அதற்குள் செத்துப்போயிருந்தால் 0 வரலாம். ஆகவே பிஐடியை மேப்பின் கீயாக வைத்திருப்பவர்கள் 0 வந்தால் என்ன ஆகும் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அப்போ பிஐடி எதுக்குத்தான் இருக்கு?

லாக்கில் எழுத. பிழை தேடும்போது மிகவும் உதவும், அதற்கு மேல் நம்பாதீர்கள். ப்ராசஸ் செத்தால் அதே எண் பின்னால் வேறு ப்ராசஸுக்குப் போகும். நீங்கள் பிஐடியைப் பிடித்து, அதை வைத்து ப்ராசஸ் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் இடைவெளியிலேயே ஆள் மாறியிருக்கலாம். கிளையன்ட் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதனிடம் ஒரு பைண்டர் ஆப்ஜெக்டை வாங்கி லிங்க்-டூ-டெத் போடுங்கள், அது செத்தால் சேதி வரும்.

செக் காலிங் பெர்மிஷன், செக் காலிங் ஆர் செல்ஃப் பெர்மிஷன், ரெண்டுல எது?

முதலாவது. உள்வரும் கால் இல்லாத இடத்தில் கேட்டால் அது மறுத்துவிடும். ஆர்-செல்ஃப் உள்ளது, கால் இல்லாவிட்டால் உங்கள் சொந்த ஆப்புக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சரி என்று சொல்லிவிடும். தப்பான த்ரெட்டில் கேட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கதவைச் சாத்திவிடும், கிளையன்ட் கத்துவார், நீங்கள் திருத்துவீர்கள். இரண்டாவது கதவை விரியத் திறந்து வைக்கும், யாருக்கும் தெரியவே தெரியாது.

ஏஐடிஎல் மெத்தடுக்குள்ள என்னோட சொந்த ப்ரொவைடரை க்வெரி பண்ணினா செக்யூரிட்டி எக்செப்ஷன் வருது. என் டேட்டாவை நானே படிக்கக் கூடாதா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ப்ரொவைடர் எக்ஸ்போர்ட் ஆகாதது (வெளி ஆப்களுக்குத் திறந்துவிடாதது), சர்வீஸும் ப்ரொவைடரும் ஒரே ப்ராசஸ். சர்வீஸிலிருந்து ப்ரொவைடருக்குப் போகும் கால் கெர்னலைத் தொடவில்லை, ஆகவே த்ரெட்டில் ஒட்டியிருக்கும் எண் மாறவில்லை. அதில் இருப்பது இன்னமும் வெளி கிளையன்ட்டின் யூஐடி. ப்ரொவைடர் தன் வாசலில் நின்று யார் என்று கேட்கிறது, பதிலாக வெளி ஆளின் எண் வருகிறது, விரட்டிவிடுகிறது. அதன் பார்வையில் அது செய்தது சரி.

இதற்குத்தான் கிளியர்-காலிங்-ஐடென்டிட்டி. கூப்பிட்டால் த்ரெட்டில் உங்கள் சொந்த எண்களை எழுதி, பழைய எண்களை ஒரு லாங் டோக்கனாகத் திருப்பித் தரும். வேலை முடிந்ததும் அந்த டோக்கனை ரிஸ்டோர்-காலிங்-ஐடென்டிட்டியிடம் கொடுக்க வேண்டும், அதுவும் ஃபைனலி ப்ளாக்கில். வரிசை முக்கியம்: முதலில் வந்தவருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள், அப்புறம் கிளியர். கிளியர் செய்துவிட்டு அனுமதி பார்த்தால் உங்களை நீங்களே சோதித்துக்கொள்கிறீர்கள். சிஸ்டம் சர்வருக்குள் இந்தத் தவறு நடந்தால், வந்தவர் எல்லோரும் 1000 ஆகிவிடுவார்கள்.

அப்படின்னா கேமரா, லொகேஷன் சர்வீஸை கூப்பிடறதுக்கு முன்னாடியும் கிளியர் போடணுமா?

தேவையில்லை. அவை வேறு ப்ராசஸில் இருக்கின்றன. நீங்கள் அங்கே போகும்போது கெர்னல் புதிதாக எழுதும், அனுப்பும் ப்ராசஸ் நீங்கள் என்பதால் உங்கள் யூஐடிதான் போகும், த்ரெட்டில் என்ன ஒட்டியிருந்தாலும் சரி. கிளியர் என்பது உங்கள் ப்ராசஸுக்குள் ஓடும் கோட் கேட்கும்போது வரும் பதிலை மட்டுமே மாற்றுகிறது.

பழக்கதோஷத்தில் எல்லா மெத்தடிலும் கிளியர் போட்டு வைத்திருக்கும் கோட் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த வரிக்காக அது என்று சொல்ல முடியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

ரிஸ்டோர் பண்ண மறந்துட்டா, அந்த த்ரெட்டுக்கு அடுத்து வர்ற காலுக்கும் ஒட்டிக்குமா?

ஒட்டாது. ட்ரான்சாக்ஷன் முடியும் இடத்தில் நேட்டிவ் கோட் பழைய மதிப்புகளைத் திரும்ப வைத்துவிடுகிறது, அடுத்த காலுக்கு கெர்னல் கொடுத்த புது எண்கள் வரும். ஆபத்து அதே காலின் மிச்ச வரிகளில்தான். இன்றைக்கு அங்கே யூஐடி கேட்கும் வரி இல்லாமல் இருக்கலாம், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த மெத்தடின் அடியில் ஒரு சோதனையைச் சேர்ப்பார், அது எப்போதும் சரி என்றே சொல்லும்.

யூஐடியிலிருந்து பேக்கேஜ் பெயர் எடுக்கலாமில்ல? ஏன் அரே வருது?

பேக்கேஜ் மேனேஜரின் கெட்-பேக்கேஜஸ்-ஃபார்-யூஐடி அரே தருவதற்குக் காரணம், ஷேர்ட்-யூஸர்-ஐடி போட்டு ஒரே சாவியால் கையெழுத்திட்ட பல ஆப்கள் ஒரு யூஐடியைப் பகிர முடியும் என்பதுதான். ஆண்ட்ராய்டு 10-இல் அதைக் கைவிடப்பட்டது என்று அறிவித்துவிட்டார்கள், ஆனாலும் பழைய ஆப்கள் இருக்கின்றன. முதல் உறுப்பை எடுத்து அதுதான் ஆள் என்று முடிவு செய்யாதீர்கள். கெர்னலுக்கு யூஐடிதான் தெரியும், பேக்கேஜ் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

எந்த பேக்கேஜ் என்று கட்டாயம் தெரிய வேண்டுமானால் கிளையன்ட்டிடமே பெயரை ஆர்க்யுமென்ட்டாக வாங்குங்கள், ஆனால் அந்தப் பெயர் அந்த யூஐடிக்குச் சொந்தமா என்று சரிபாருங்கள். ஆப்-ஆப்ஸ்-மேனேஜரின் செக்-பேக்கேஜ் இதைச் செய்யும், பொருந்தாவிட்டால் செக்யூரிட்டி எக்செப்ஷன். கன்டென்ட் ப்ரொவைடர் எழுதுபவர்களுக்கு கெட்-காலிங்-பேக்கேஜ் ஏற்கனவே சரிபார்த்த பெயரையே தருகிறது.

பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டாளி ஆப் நிறுவப்படாத போனில் அதே பெயரில் வேறொருவர் ஒரு ஆப் செய்து போடலாம். கையெழுத்தைப் பாருங்கள், ஆண்ட்ராய்டு 9-லிருந்து ஹேஸ்-சைனிங்-சர்டிஃபிகேட் யூஐடியையே வாங்கிக்கொண்டு பதில் சொல்கிறது. ஆண்ட்ராய்டு 11-இல் வந்த பேக்கேஜ் மறைப்பு (மற்ற ஆப்கள் இருப்பதே தெரியாமல் மறைப்பது) இதைத் தடுக்குமா என்று சிலர் கேட்டார்கள். உங்கள் சர்வீஸோடு பைண்ட் ஆன ஆப் உங்களுக்குத் தானாகவே தெரியத் தொடங்கிவிடும். ஆனால் மேலே சொன்ன, கைமாற்றிக் கொடுத்த பைண்டரோடு வரும் மூன்றாம் ஆளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை, பேக்கேஜ் பெயர் கேட்டால் நல், அதாவது வெற்று மதிப்பு, வரலாம். நல் வந்தால் மறுத்துவிடுங்கள்.

கிளையன்ட் குடுத்த கால்பேக்கை நான் கூப்பிடறேன். அந்தப் பக்கம் யார் காலர்? அவங்களோட ஒரிஜினல் கால் இன்னும் முடியலையே?

கால்பேக் ஓடும்போது அந்தப் பக்கம் கேட்டால் உங்கள் யூஐடி வரும். கால்பேக்கும் ஒரு சாதாரண ட்ரான்சாக்ஷன்தான், திசை மட்டும் வேறு. முடிந்ததும் பழைய மதிப்பு திரும்பும், அடுக்கி வைத்த தட்டுகளில் மேல் தட்டை எடுத்தது போல.

எந்த த்ரெட்டில் ஓடும் என்பதில்தான் சுவாரசியம். கிளையன்ட் தன் மெயின் த்ரெட்டிலிருந்து உங்களைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது, நீங்கள் அதே காலுக்குள், அதே த்ரெட்டிலிருந்து, ஒன்வே இல்லாத கால்பேக்கைக் கூப்பிடுகிறீர்கள். கெர்னல் அதை பூலில் (கால்களுக்காகக் காத்திருக்கும் பைண்டர் த்ரெட்டுகளின் கூட்டம்) இருக்கும் வேறு த்ரெட்டுக்கு அனுப்பாது, காத்து நிற்கும் அந்த மெயின் த்ரெட்டையே எழுப்பி அதில் ஓட்டும். கால்பேக் எப்போதும் பைண்டர் த்ரெட்டில்தான் வரும் என்று நம்பியவர்களுக்கு இது அதிர்ச்சி. அதே த்ரெட் என்பதால் சிங்க்ரனைஸ்ட் லாக்கும் தடுக்காது, கிளையன்ட் பாதி மாற்றி வைத்த லிஸ்ட்டை கால்பேக் வந்து கலைத்துவிட்டுப் போகும். கால்பேக் இன்டர்ஃபேஸை ஒன்வே ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, அது பூலுக்குப் போகும். அதற்கு விலை, கிளையன்ட் பக்கம் பிஐடி 0.

நிறைய பேர் கால்பேக் ரிஜிஸ்டர் பண்ணியிருக்காங்க. பின்னாடி ப்ராட்காஸ்ட் பண்றப்போ எது யாரோடதுன்னு எப்படிக் கேக்கிறது?

பின்னால் கேட்க முடியாது. ஐபைண்டர் ஆப்ஜெக்டைக் கையில் வைத்துக்கொண்டு உன் சொந்தக்காரர் யார் என்று கேட்க வழி கிடையாது. ரிஜிஸ்டர் செய்யும் கால் ஓடும்போதே பிடிக்க வேண்டும். ரிமோட்-கால்பேக்-லிஸ்ட்டின் ரிஜிஸ்டர் மெத்தடுக்கு குக்கி என்று இரண்டாவது ஆர்க்யுமென்ட் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதே இல்லை. யூஐடி, பேக்கேஜ் பெயர் இரண்டையும் வைத்து ஒரு சின்ன ஆப்ஜெக்ட் செய்து அதில் போடுங்கள். ப்ராட்காஸ்ட் செய்யும்போது கெட்-ப்ராட்காஸ்ட்-குக்கி அதைத் திருப்பித் தரும்.

கிளையன்ட் செத்தால் ஆன்-கால்பேக்-டைட் மெத்தடுக்கும் அந்த குக்கி வந்து சேரும். அங்கே கெட்-காலிங்-யூஐடி கேட்டுப் பார்த்த நண்பர் ஒருவர் உண்டு. சாவுச் செய்தி யாரோ செய்த கால் இல்லை, அதனால் சொந்த யூஐடிதான் வந்தது. செத்தது தன் ஆப்தான் என்று நினைத்து ஒரு மதியம் முழுக்கத் தேடினார்.

ஏ, பி-யை கூப்பிடுது, பி சி-யை கூப்பிடுது. சி-க்கு ஏ யாருன்னு தெரியணும்.

தெரியாது. சி-க்குத் தெரிவது பி மட்டும். அடையாளத்தை அடுத்தவருக்குக் கடத்தும் வசதி பைண்டர் டிரைவரில் இல்லை. இதனால் வரும் பழைய வியாதி, ஏ-வுக்கு இல்லாத அனுமதி பி-க்கு இருப்பது. ஏ நைசாக பி-யை வைத்து வேலையை முடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க வேண்டியது நடுவில் இருக்கும் பி-யின் பொறுப்பு, சி-யை அழைப்பதற்கு முன் ஏ-வின் எண்களை வைத்து அனுமதியைப் பார்க்க வேண்டும்.

பி ஏ-வின் யூஐடியை ஆர்க்யுமென்ட்டாக அனுப்பலாம், சி பி-யை முழுக்க நம்புகிறது என்றால். நான் விரும்புவது வேறு: சி ஒரு பைண்டரை பி-யிடம் கொடுத்து, பி அதை ஏ-விடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. இனி ஏ நேராக சி-யைக் கூப்பிடும், கெர்னலே ஏ-வின் எண்ணை எழுதும். ஆண்ட்ராய்டு 12-இல் அட்ரிப்யூஷன்-சோர்ஸ் என்று, யாருக்காக யார் கேட்கிறார் என்ற சங்கிலியைச் சொல்ல ஒரு க்ளாஸ் வந்திருக்கிறது. மைக், லொகேஷன் போன்ற தனியுரிமை விஷயங்களுக்காகச் செய்தது, உங்கள் இரண்டு ஆப்களுக்கு நடுவில் அவ்வளவு தூரம் போகத் தேவை வராது.

இதையெல்லாம் டெஸ்ட் எப்படி எழுதறது? இன்ஸ்ட்ருமென்டேஷன் டெஸ்ட்ல எல்லாமே பாஸ் ஆகுது.

பாஸ் ஆகும், ஏனென்றால் இன்ஸ்ட்ருமென்டேஷன் டெஸ்ட் உங்கள் ஆப்பின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுகிறது. அதிலிருந்து பைண்ட் செய்தால் சர்வீஸுக்குத் தெரிவது சொந்த யூஐடி, எந்தச் சோதனையும் உங்களை மறுக்காது. மறுக்கப்படுவதைப் பார்க்க வேறு யூஐடி வேண்டும். வேறு சாவியால் கையெழுத்திட்ட, பத்து வரியில் ஒரு குட்டி ஆப் எழுதி அதிலிருந்து கூப்பிடுவதுதான் நேர்மையான வழி.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால், டெஸ்ட்டுக்கு மட்டும் ஐசொலேட்டட்-ப்ராசஸ் போட்ட ஒரு சர்வீஸை வைத்து, உங்கள் ஸ்டப்பை அதன் கையில் கொடுத்து அங்கிருந்து திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். 99000-க்கு மேற்பட்ட ஒரு எண் வந்து நிற்கும், உங்கள் சோதனை உண்மையிலேயே மறுக்கிறதா என்று பார்த்துவிடலாம். யூனிட் டெஸ்ட்டுக்கு, கோரூட்டீன் கேள்வியில் சொன்னபடி யூஐடியை ஆர்க்யுமென்ட்டாக வாங்கும் க்ளாஸ்களாக இருந்தால் வேண்டிய எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம், பைண்டரை மாக் செய்யும் வேலையே கிடையாது.

நான் சி ப்ளஸ் ப்ளஸ்ல என்டிகே பக்கம் எழுதறேன். அங்கேயும் இதேதானா?

அதேதான். ஆண்ட்ராய்டு 10-லிருந்து ஏஐபைண்டர் என்று தொடங்கும் பெயர்களோடு யூஐடி, பிஐடி கேட்கும் இரண்டு ஃபங்ஷன்களும் இருக்கின்றன. அடியில் அதே த்ரெட், அதே எண்கள், ஒன்வேயில் அதே 0. கால் இல்லாத இடத்தில் கேட்டால் அங்கேயும் சொந்த எண்தான் வரும்.